'மிசரி' என்றால் வெறும் துன்பமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய ஐயா, அப்பாவைப் பெற்றவர், 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாக வந்தவர். வயதான காலத்தில் அவர் சொல்லச் சொல்ல, பினாங்கில் இருக்கும் சித்தப்பா ஆங்கிலத்தில் டைப் அடித்து வைத்த நாற்பது பக்கத்தை இப்போது தம்பி தமிழில் கொண்டுவருகிறார். அதில் 'மிசரி'யும் அதன் பங்காளிச் சொல்லும் நாலு இடத்தில் வருகின்றன. மணிப்பூர் எல்லை வரை நடந்த நடை மிசரி. ஊர் வந்து சேர்ந்த பிறகு குடும்பம் பத்து வருஷம் கிடந்தது மிசரியில். வழியில் கால் ஒடிந்து கிடந்த மாட்டை ஒரு சிப்பாய் சுட்டு மிசரியிலிருந்து விடுவித்தான். கடைசியாக, உதவி கேட்டுப் போன இடத்தில் உறவுக்காரர் ஒருவர் நீட்டியது மிசரபிள் பத்து ரூபாய். நாலு இடத்திலும் தம்பி 'துன்பம்' என்றே போட்டிருக்கிறார். படித்துக் காட்டியபோது அவருடைய ஆத்தா, அதாவது அம்மா, "நாலும் ஒண்ணு மாதிரி இல்லையேப்பா" என்றாராம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இதற்குச் சரியான தமிழ் எது என்பது கேள்வி.

ஆத்தா சொன்னதுதான் சரி. ஆத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்றும் தம்பி எழுதியிருக்கிறார். தெரியாததால்தான் சரியாகச் சொல்ல முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கும் இந்தச் சொல்லுக்கும் பழக்கம் ஏழாம் வகுப்பில் ஆரம்பித்தது. காரைக்குடியில் எங்கள் ஆங்கில வாத்தியார் என் காம்போசிஷன் நோட்டில் சிவப்பு மையில் 'மிசரபிள் ஹேண்ட்ரைட்டிங்' என்று எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அப்பா ஒரு செட்டியார் வீட்டுப் பெட்டியடியில் கணக்கு எழுதியவர். அவர் எழுத்து பேரேட்டில் முத்து முத்தாக உட்கார்ந்திருக்கும். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. வீட்டிலிருந்த அகராதியை எடுத்து விரலால் வரி வரியாகத் தேடினார். 'துன்பமான, வருந்தத்தக்க' என்று போட்டிருந்தது. "கையெழுத்துக்கு என்னடா துன்பம்? அது யாரு செத்ததுக்கு வருந்துது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "தரித்திரம் புடிச்ச கையெழுத்துன்னு எழுதியிருக்காரு. இப்பத்தான் புரியுது" என்று சொல்லி என் காதைத் திருகினார்.

அன்றைக்கு அவர் கண்டுபிடித்தது அகராதியில் இல்லாத பொருள். தரித்திரம் என்றால் ஏழ்மை. ஆனால் 'தரித்திரம் புடிச்ச' என்று ஒன்றைச் சொன்னால் அது ஏழ்மையைப் பற்றிய பேச்சே இல்லை, முகத்தைச் சுளிப்பது. பார்த்துப் பரிதாபப்படுகிற நிலைமைக்கும் பார்த்து முகம் சுளிக்கிற நிலைமைக்கும் ஒரே சொல். மிசரபிள் என்ற சொல்லிலும் இந்த இரண்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. அது எப்படி வந்தது என்று பார்க்க லத்தீன் வரைக்கும் போகவேண்டும்.

லத்தீனில் 'மிசெர்' என்றால் பரிதாபத்துக்குரியவன், கதியற்றவன். அவன் நிலைமை 'மிசெரியா'. அது பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்து மிசரி ஆனது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பின்னால் கோர்ட்டு, கோயில், அரண்மனை வழியாக ஆங்கிலத்துக்குள் கொட்டிய ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று. லத்தீனுக்கு முந்தைய வேர் எது என்பதில் மொழியறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை, அதனால் அங்கேயே நிற்போம்.

சுவாரசியம் வேரில் இல்லை, கிளையில் இருக்கிறது. 'மிசெர்' என்ற சொல்லிலிருந்து லத்தீன்காரர்கள் ஒரு வினைச்சொல்லையும் உண்டாக்கினார்கள். அதற்குப் பொருள் துன்பப்படுவது அல்ல, துன்பப்படுகிறவனைப் பார்த்து இரங்குவது. படுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் ஒரே வேர். வெள்ளைக்காரன் பாஷையில்தான் இப்படி விசித்திரம் என்று நினைக்கவேண்டாம், நம்முடைய 'இரங்கு' அப்படியே இதே வேலையைச் செய்கிறது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் தலைவி தன் துயரத்தால் தானே இரங்குகிறாள். செய்தித்தாளில் வரும் இரங்கல் செய்தியில் இரங்குவது அடுத்தவர். தேவகோட்டைப் பக்கம் கிறித்தவக் குடும்பங்கள் நிறைய உண்டு, தவக்காலத்தில் அவர்கள் 51ஆம் சங்கீதத்தைப் பாடக் கேட்டிருப்பீர்கள். 'எனக்கு இரங்கும்' என்று அதில் வருகிற இடம் லத்தீனில் 'மிசெரேரே'. எனக்கு இந்த இடத்தில் மொழிபெயர்ப்பு என்றே தோன்றுவதில்லை. இரண்டு பாஷையும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த மாதிரி இருக்கிறது.

இதோடு 'கூட' என்ற பொருள்படும் முன்னொட்டைச் சேர்த்தால் 'கமிசரேட்'. அகராதிகள் 'அனுதாபப்படு' என்று போடும். நம் ஊர்ப்பக்கம் அதற்கு உயிரோடு ஒரு சொல் இருக்கிறது: கேதம் கேட்பது. இறந்த வீட்டுக்குப் போகிறோம். முகப்பில் ஜமுக்காளம் விரித்திருக்கும். யாரும் வாங்க என்று சொல்லமாட்டார்கள், நாமும் எப்படி இருக்கீங்க என்று கேட்கமாட்டோம். உட்காருவோம். யாராவது ஒருவர், "ராத்திரி நல்லாத்தான் கஞ்சி குடிச்சாக" என்று ஆரம்பிப்பார். அதைப் பத்தாவது ஆளுக்கும் அவர் முதல் தடவை மாதிரியே சொல்வார். கேட்டுவிட்டு, போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் எழுந்து வருவோம். கேதம் என்பது வடமொழி வழியாக வந்த சொல், பொருள் துக்கம். ஆக நாம் போய்க் 'கேட்பது' அவர்கள் துக்கத்தை. ஆறுதல் என்று பெரிதாக ஒன்றும் கொடுப்பதில்லை, காதைக் கொடுக்கிறோம். கமிசரேட் என்ற சொல்லின் உள்ளே இருப்பது இதுதான்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு சொல் 'மிசெரிகோர்தியா'. மிசெர் உடன் இருதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லைச் சேர்த்தது. அடுத்தவன் படுகிற பாட்டைப் பார்த்து இளகுகிற நெஞ்சு, அதாவது கருணை. 1498இல் லிஸ்பனில் தொடங்கிய தரும சபைக்கு இந்தப் பேரைத்தான் வைத்தார்கள், போர்ச்சுகீசியர் கோவாவுக்கு வந்தபோது அங்கேயும் ஒன்றை நிறுவினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது 'மிசரிகார்ட்' என்கிற பலகை. ஐரோப்பாவின் பழைய மடாலயங்களில் துறவிகள் மணிக்கணக்கில் நின்றுகொண்டே ஜபம் சொல்லவேண்டும். கிழவர்களுக்குக் கால் கடுக்கும். உட்காருவது விதிக்கு விரோதம். அதனால் மடக்கு ஆசனத்தின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு விளிம்பை வைத்துச் செதுக்கினார்கள். ஆசனத்தை மடக்கி நிமிர்த்திவிட்டால், நிற்கிற மாதிரியும் இருக்கும், இடுப்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளவும் செய்யும். அந்த விளிம்புக்குப் பேர் கருணை.

அதே பேரில் ஒரு கத்தியும் இருந்தது. போர்க்களத்தில் பிழைக்கமாட்டான் என்று தெரிந்த வீரனைத் துடிக்கவிடாமல் முடிக்க, கவசத்தின் இடுக்கில் நுழைகிற மெல்லிய குத்துவாள். அதற்கும் பேர் மிசரிகார்ட். தம்பி, உங்கள் மூன்றாவது இடத்துக்குத் திறவுகோல் இந்தக் கத்திதான். சிப்பாய் மாட்டைச் சுட்டான், 'மிசரியிலிருந்து விடுவித்தான்' என்பது ஆங்கிலத்தில் வழக்கமான தொடர். தமிழில் 'துன்பத்திலிருந்து விடுவித்தான்' என்றால் ஏதோ பகவான் முதலையிடமிருந்து யானையைக் காப்பாற்றிய மாதிரி இருக்கிறது. நம் வீடுகளில் படுக்கையில் கிடக்கிற பெரியவரைப் பற்றி என்ன சொல்வோம்? "ரொம்ப அவஸ்தைப்படாம போய்ச் சேர்ந்துட்டாக." அவஸ்தைதான் அங்கே சொல். 'மாட்டின் அவஸ்தையைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு சிப்பாய் சுட்டுவிட்டான்' என்று எழுதுங்கள், போதும். ஆங்கிலத்தில் இதே தொடரை வேடிக்கையாகவும் சொல்வார்கள். பரீட்சை முடிவைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் இழுத்தடிக்கிறவனிடம், என்னை என் மிசரியிலிருந்து விடுவி என்பார்கள். நாம், "சொல்லித் தொலையேன், உசிரை வாங்காம" என்போம். தொடர் ஒன்றுதான், தமிழ் இரண்டு.

பத்து ரூபாய்க்கு வருவோம். படுகிறவன், பார்க்கிறவன் இருவருக்கும் அப்புறம் இந்தச் சொல்லுக்குள் மூன்றாவதாக ஒருவன் வந்து சேர்ந்தான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தார் லத்தீனின் 'மிசெர்' என்பதை அப்படியே எடுத்து, 'மைசர்' என்று வழங்கினார்கள். முதலில் பொருள் பரிதாபமான ஆள் என்பதுதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அது பணம் வைத்துக்கொண்டு செலவழிக்காமல் பரிதாபமாக வாழ்கிறவனைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில் மிசரி என்ற சொல்லுக்கே கருமித்தனம் என்ற பொருளும் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இன்றைக்கும் ஒருவனை மிசரபிள் என்றால் கஞ்சன் என்று எடுத்துக்கொள்ளலாம். கஞ்சனை ஏன் துன்பப்படுகிறவன் வரிசையில் சேர்த்தார்கள் என்று கேட்டால், நாலடியார் பதில் சொல்லும். உடுக்காமல், உண்ணாமல், தன் உடம்பையே வருத்தி, அறமும் செய்யாமல் சேர்த்துவைக்கிறவர்கள் கடைசியில் இழப்பார்கள், தேனீயே அதற்குச் சாட்சி என்கிறது அது. தன்னையே தரித்திரனாக்கிக்கொண்ட பணக்காரன். கருமி, உலோபி, பிசினாறி, எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று நம்மிடம் பட்டப்பேருக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பரிதாபம் ஒரு துளியும் இல்லை, ஏச்சுத்தான். ஆங்கிலச் சொல்லில் அந்தப் பரிதாபத்தின் வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்று. வெளியூர்க்காரர்கள் செட்டிநாட்டுச் சிக்கனத்தைக் கஞ்சத்தனம் என்று கிண்டல் செய்வது எனக்குப் பழகிப்போனது. அப்பா எழுதிய பேரேட்டில் சாமிக்கென்று தனியாக மகமைக் கணக்கு இருக்கும். வியாபாரத்தில் அதற்குரிய பங்கு அதில் போய்விடும், அப்புறம்தான் மற்றது. காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். தபால்கார்டின் ஓரத்தில்கூட இடம் விடாமல் நுணுக்கி எழுதுகிற பழக்கமும் அந்தக் கொடையும் ஒரே ஊரில்தான் இருந்தன. மைசர் என்பவன் வேறு ஆள்.

உங்கள் ஐயாவுக்குப் பத்து ரூபாய் கொடுத்தவரும் மைசர்தானா என்று குறிப்பை வைத்து என்னால் சொல்ல முடியாது. அங்கே மிசரபிள் என்பது ஆளுக்கு அல்ல, ரூபாய்க்கு வந்திருக்கிறது. எனவே என் கையெழுத்தும் அந்தப் பத்து ரூபாயும் ஒரே இனம். 'பிச்சைக்காசு பத்து ரூபாய்' என்று போடுங்கள். கோபம் இறங்கவேண்டிய இடத்தில் சரியாக இறங்கும்.

இனி ஊர் வந்து சேர்ந்த பிறகான பத்து வருஷம். இதுதான் கஷ்டமான இடம், இதற்கு முன்னால் பிரெஞ்சுக்காரரை ஒரு நிமிஷம் கூப்பிடவேண்டும். ஆங்கிலத்தில் மிசரி மனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பங்களாவில் இருந்துகொண்டும் ஒருவர் மிசரியில் இருக்கலாம். பிரெஞ்சில் 'மிசேர்' என்றால் முதல் பொருள் வறுமை, சோற்றுக்கு இல்லாத வறுமை. விக்டர் ஹ்யூகோ தன் பெரிய நாவலை முதலில் அந்தப் பேரில்தான் எழுதிக்கொண்டிருந்தார். 1862இல் வெளியிட்டபோது 'லே மிசராப்ள்' என்று ஆளைக் குறிக்கும் சொல்லாக மாற்றினார். பிரெஞ்சில் அதற்கு ஏழை, பரிதாபமானவன் என்ற பொருளோடு அயோக்கியன் என்ற பொருளும் உண்டு. கதியற்றவனும் கயவனும் ஓர் எல்லைக்கு மேல் ஒரே சொல்லுக்குள் கலந்துபோகிறார்கள் என்று நாவலுக்குள்ளேயே அவர் சொல்கிறார். நாம் 'பாவி' என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "பாவி, என்ன பாடு படுறான்" என்றும் சொல்வோம், "படுபாவி, குடியைக் கெடுத்துட்டான்" என்றும் சொல்வோம்.

அந்த நாவலைத் தமிழில் கொண்டுவந்தவர் சிவகங்கையில் பிறந்த சுத்தானந்த பாரதியார், நம் மண்ணின் ஆள். அவர் வைத்த தலைப்பு 'ஏழை படும் பாடு'. 1950இல் அதே பேரில் படமும் வந்தது. மூலத்தில் இருப்பது ஒற்றைச் சொல். அதற்குச் சமமான ஒற்றைச் சொல்லைத் தேடி அவர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வறுமைக்கு 'ஏழை', வேதனைக்குப் 'பாடு' என்று சொல்லைப் பிரித்துப்போட்டார். படு என்பதிலிருந்து வந்தது பாடு. உழைப்பும் பாடு, வேதனையும் பாடு. "எம்பாடு பெரும்பாடா இருக்கு" என்று சந்தையில் ஒரு பெண் சொல்கிறபோது அவள் எதைச் சொல்கிறாள் என்று பிரிக்கவே முடியாது. உங்கள் முதல் இடத்துக்கு, அந்த நடைக்கு, இந்தச் சொல்தான். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8இல் ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. கப்பல் கிடைத்தவர் போக, லட்சக்கணக்கான பேர் மலையும் காடும் தாண்டி நடந்தார்கள், காலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் பல்லாயிரம். 'நடந்து வந்த துன்பம்' என்றால் கால் வலித்த மாதிரி இருக்கிறது. 'அந்த நடையில் பட்ட பாடு' என்றால் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

ஆனால் பத்து வருஷத்துக்கு 'பாடு' பொருந்தாது. 'பாடு' என்பதில் ஒரு நகர்வு இருக்கிறது, பட்டுக்கொண்டே போகிறோம். இது தேங்கிப்போன நிலைமை. வள்ளுவரிடம் இதற்கு ஒரு குறள் இருக்கிறது, நல்குரவு அதிகாரத்தில்:

நல்குரவு என்னும் இடும்பையுள் பல்குரைத்
துன்பங்கள் சென்று படும்.

நிதானமாகப் பாருங்கள். நல்குரவு, அதாவது வறுமை, ஓர் இடும்பை. அந்த இடும்பைக்குள் பல துன்பங்கள் போய் விழுகின்றன. இடும்பையும் துன்பமும் ஒன்றென்றால் இந்தக் குறளே நிற்காது. துன்பம் வந்து போவது, எண்ணக்கூடியது, பன்மையில் வருவது. இடும்பை அவையெல்லாம் போய்ச் சேருகிற பள்ளம். ஆங்கிலத்தார் மிசரி என்கிறது பள்ளத்தை. உங்கள் ஆத்தாவுக்கு உறுத்தியது இந்த வித்தியாசம்தான் என்று நினைக்கிறேன். அதற்காக 'பத்து வருஷம் இடும்பையில் கிடந்தோம்' என்று எழுதிவிடாதீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிக்கொண்டு பழனிக்கு நடந்தே போகிற ஊர்கள் நம்முடையவை. இடும்பை என்றால் பேரப்பிள்ளைகள் காவடி தூக்கிய இடும்பனோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

தொல்காப்பியம் அழுகைக்கு நாலு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு பிறர் முன் சிறுமைப்படுவது. இழவும் வறுமையும் தெரிந்ததே. அசைவு என்பதைப் பழைய நிலைமை கெட்டு வேறாகி வருந்துவது என்று பழைய உரைகாரரான பேராசிரியர் விளக்குகிறார். இந்த நாலில் மற்ற மூன்றும் எல்லா ஊருக்கும் பொது. அசைவைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் செட்டிநாட்டுக்குத்தான் வரவேண்டும்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வளவுக்கு அப்பா என்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார். பொழுது சாய்ந்தபிறகு போனோம். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில், அவ்வளவு நீளம் வீடு. முட்டைச் சுண்ணாம்புச் சுவர் பளபளப்பு மங்காமல் இருந்தது. பர்மாத் தேக்குத் தூண்களை என் இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியவில்லை. அத்தனை பெரிய வீட்டில் எரிந்தது ஒரே ஒரு பல்பு, இரண்டாம் கட்டில். அதன் அடியில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாமான் அறையிலிருந்து எடுத்துவைத்த எனாமல் சட்டிகள், தூக்குகள், பித்தளைக் குடங்கள். அவர் கல்யாணத்தில் வந்த சாமான். வாங்குகிற வியாபாரி ஏற்கெனவே வந்து பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பா வேலை பட்டியல் எழுதுவது. ஆச்சி ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே விரலை விட்டு ஒரு தடவை துடைத்து, "தூக்குச்சட்டி, அடுக்கு அஞ்சு, எழுதிக்கங்க" என்பார். குரலில் ஒன்றும் இல்லை. நடுவில் எழுந்துபோய் எனக்கு ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போயிருந்தது, சீனி நிறையப் போட்டிருந்தார். கிளம்பும்போது வியாபாரியிடம், "வண்டியை முன்னாடி கொண்டாராதீங்க" என்று மட்டும் சொன்னார். முன்பக்கம் பங்காளிகள் வீடு.

அந்த ஆச்சி பட்டினி இல்லை. அழவும் இல்லை. ஆனாலும் அங்கே இருந்தது மிசரிதான், ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற முழு கனத்தோடு. இளிவு, இழவு, அசைவு, வறுமை நாலும் அந்தப் பல்பு வெளிச்சத்தில் இருந்தன. இதற்கு நம் ஊரில் ஒரு வியாபாரச் சொல் உண்டு: நொடிச்சுப் போறது. ஏழையாக இருப்பது வேறு, நொடித்துப்போவது வேறு. 'ஊர் திரும்பிப் பத்து வருஷம் நொடித்துப்போய்க் கிடந்தோம், கஷ்ட ஜீவனம்' என்று எழுதினால் உங்கள் ஐயாவே சொன்ன மாதிரி இருக்கும். இந்தப் பத்து வருஷத்தில்தான் பர்மா சுதந்திரம் பெற்று, நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டமும் வந்தது. பெட்டிக்குள் இருந்த பர்மா நிலப் பத்திரங்கள் வெறும் காகிதமாகின.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த நிலங்கள் எப்படி வந்தன? 1930இல் நெல் விலை விழுந்தது, செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயி கட்ட முடியாமல் போனான், 1930களின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பேருக்கு வந்திருந்தது. யாரும் திட்டம் போட்டுப் பிடுங்கவில்லை, பணமாகத் திரும்பவேண்டியது மண்ணாகத் திரும்பியது. ஆனாலும் தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற அந்த விவசாயி பட்டதும் மிசரிதான். உங்கள் ஐயாவின் குறிப்பில் அவன் வருகிறானா என்று தெரிந்துகொள்ள ஆசை.

பொருளாதாரக்காரர்கள்கூட இந்தச் சொல்லை விடவில்லை. ஆர்தர் ஓக்கன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வேலையின்மை சதவீதத்தையும் பணவீக்க சதவீதத்தையும் கூட்டி 'மிசரி இண்டெக்ஸ்' என்று ஓர் அளவை உண்டாக்கினார். அமெரிக்காவின் தெற்குப் பக்கப் பேச்சில் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மிசரி என்று பேர். இவை உங்களுக்கு வேண்டியிருக்காது.

வேண்டியது இன்னொரு சொல். கடைசிப் பக்கத்தில் இம்பாலில் முகாமில் படுத்துக்கிடந்தவர்களை 'ரெட்ச்' என்ற சொல்லால் குறிப்பிட்டிருப்பதாகவும், அதற்கு 'பரிதாபத்துக்குரியவர்கள்' என்று போட்டுவிட்டதாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் முன்னால் ஒரு 'டபிள்யூ' உண்டு, அதை யாரும் உச்சரிப்பதில்லை. மிசரி பிரெஞ்சு வழியாக வந்த விருந்தாளி என்றால் இது ஆங்கிலத்தின் சொந்த வீட்டுப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் 'வ்ரெக்கா'. துரத்து, விரட்டு என்ற வேரிலிருந்து வந்தது. பொருள், நாடு கடத்தப்பட்டவன். அந்தக் காலத்து ஆங்கிலோ சாக்சன் சமூகத்தில் ஒருவனுக்கு ஒரு தலைவனும் ஒரு கூட்டமும் இருக்கவேண்டும். நம் ஊர்களில் கல்யாணம் ஆனதும் கோயிலில் பேரைப் பதிந்து புள்ளி சேர்க்கிறார்களே, அப்படி ஒரு கணக்கு. அந்தக் கணக்கிலிருந்து பேர் அடிபட்டவன்தான் வ்ரெக்கா. ஊர் இல்லாதவன் என்பது மெல்ல மெல்லக் கதியற்றவன் என்றாகி, அப்புறம் இழிந்தவன் என்றும் ஆனது.

இதே சொல் ஜெர்மனில் 'ரெக்கே' என்று இருக்கிறது. அங்கே அவன் மாவீரன். ஊரைவிட்டுப் போனவன் ஒரு பாஷையில் பிச்சைக்காரன், பக்கத்து பாஷையில் பராக்கிரமசாலி. ஜெர்மனில் மிசரிக்கு உரிய சொல் 'எலெண்ட்'. அதன் பழைய வடிவத்தைப் பிரித்தால் 'வேறு' என்றும் 'நாடு' என்றும் இரண்டு துண்டு வரும். வேற்று நாட்டில் இருப்பதே அவர்களுக்குத் துயரத்தின் பேர்.

எனக்கு இதை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பர தேசத்தில் இருப்பவன், பரதேசி. நம்மிடம் அவன் முதலில் வேற்று நாட்டான், அப்புறம் ஊர் ஊராகப் போகிற சாமியார், அப்புறம் பிச்சைக்காரன், கடைசியில் "பரதேசிப் பயலே" என்று வசவு. ஆங்கிலச் சொல் போன அதே பாதை, ஒரு மைல்கல்கூடத் தப்பவில்லை. 'அகதி' மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. கதி இல்லாதவன், ஆதரவற்றவன் என்பதுதான் அதன் பழைய பொருள். 'அகதி பெறுவது பெண்பிள்ளை, அதுவும் வெள்ளி பூராடம்' என்று ஒரு பழமொழி உண்டு. கேட்கவே கசப்பான பழமொழி, ஆனால் அதில் வருகிற அகதி வெறும் ஏழைதான், நாடு விட்டு வந்தவனில்லை. இன்றைக்கு அந்தச் சொல் நாடிழந்தவனுக்கு மட்டுமே என்றாகிவிட்டது.

நம் மகிபாலன்பட்டிதான் கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்கிறோம், யாதும் ஊரே என்று வளைவு வைத்திருக்கிறோம். அதைச் சுற்றி இருக்கிற ஊர்களிலிருந்துதான் மூன்று வருஷக் கணக்குக்கு ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போனார்கள். பர தேசத்துக்குப் போனவர்களை ஊர் பரதேசி என்று கூப்பிடவில்லை, அக்கரைச்சீமையில் கடை வைத்திருக்கிறவுக என்றது. பெட்டியோடு போகிறவன் ஜெர்மன் ரெக்கே, பெட்டி இல்லாமல் திரும்புகிறவன் ஆங்கில ரெட்ச். உங்கள் ஐயா இரண்டுமாக இருந்திருக்கிறார்.

அதனால் 'பரிதாபத்துக்குரியவர்கள்' என்பதை அடித்துவிடுங்கள், அது வெளியிலிருந்து பார்க்கிறவன் சொல். தன் கூட்டத்தைத் தானே சொல்கிற இடம் அது. 'பரதேசிகளாகக் கிடந்தோம்' என்று போடலாம். 'அகதிகளாக' என்றாலும் தப்பில்லை, ஆனால் இன்றைய செய்தித்தாள் வாடை வரும். இரண்டையும் எழுதி ஆத்தாவிடம் படித்துக் காட்டுங்கள். மாமனார் வாயில் எந்தச் சொல் வரும், எது வராது என்பது அவருக்குத் தெரியும்.